அத்தியாயம் 7: மாறியதை மட்டும் கேட்கும் தொடர்புப் பட்டியல்

கூகுள் கணக்கு ஒன்றில் 25,000 தொடர்புகள் வரை சேர்த்து வைக்கலாம். நடுத்தர அளவில் மொத்த வியாபாரம் செய்பவருக்கு அதில் கால்வாசி கூடத் தேவைப்படாது. வாடிக்கையாளர், சப்ளையர், லாரி செட், ஆடிட்டர், பேங்க் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்தைத் தொட்டாலே பெரிது. ஆனால் அந்த நாலாயிரமும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் நம்பரை மாற்றுகிறார், இன்னொருவர் கடையை மூடுகிறார், மூன்றாவது கடையில் புது மேனேஜர் வந்து சேருகிறார். பில்லிங் மென்பொருளில் ஒரு நம்பர், கணக்குப்பிள்ளையின் போனில் இன்னொரு நம்பர், ஷீட்டில் வேறொரு நம்பர் என்று ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பார்.

பல அலுவலகங்களில் இதற்கு ஒரு திங்கட்கிழமை வைத்தியம் உண்டு. யாராவது ஒருவர் கூகுள் கான்டாக்ட்ஸுக்குள் போய் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, சிஎஸ்வி கோப்பை இறக்கி, பழைய ஷீட்டின் மேல் ஒட்டுவார். அவர் லீவு போட்ட வாரம் பட்டியலும் பழசாகவே இருக்கும். ஒட்டும் வேகத்தில், பக்கத்துப் பத்தியில் கையால் எழுதி வைத்திருந்த ‘பாக்கி உண்டு’, ‘மாலையில் மட்டும் கூப்பிடவும்’ போன்ற குறிப்புகள் வேறொருவர் பெயருக்கு நேரே போய் நிற்கும். இன்னொரு குறையும் உண்டு: சிஎஸ்வி இருப்பதை மட்டுமே சொல்லும். போன வாரம் இருந்து இந்த வாரம் காணாமல் போனவர் யார் என்று அது சொல்லாது.

அந்த வேலையைத் தானாக ஓடும் ஒரு வினவலிடம் ஒப்படைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம். கருவிகள் இரண்டு: நிரல்கள் தொடர்புகளைக் கேட்டு வாங்கும் வாசலான கூகுளின் பீப்பிள் ஏபிஐ, அதை இயக்க, ஷீட்டோடு சேர்த்தே நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். சாதாரண ஜிமெயில் கணக்கு போதும். தனிக் கட்டணம் கிடையாது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது ஒரு மாலை வேலை. தெரியாதவரும், எழுதித் தருபவரிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பழைய வழிகாட்டிகளை நம்பி இறங்குபவர்களுக்கு முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இதே வேலைக்கு முன்பு கூகுள் வைத்திருந்த கான்டாக்ட்ஸ் ஏபிஐ 2022 ஜனவரி 19-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதை நம்பி எழுதிய நிரல்கள் இன்று ஓடாது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் இருந்த ‘கான்டாக்ட்ஸ் ஆப்’ என்ற சேவையையும் கூகுள் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டது. யாராவது தரும் நிரலில் அந்தப் பெயர் கண்ணில் பட்டால், அதைச் சரிசெய்து ஓட்டப் பார்க்காமல் பீப்பிள் ஏபிஐயில் புதிதாக எழுதச் சொல்வதே நல்லது.

கேட்பதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய நான்கு

கணினியில் முகவரிப் பட்டியல் வைத்து அதைக் கேள்வி கேட்கும் வழக்கம் கூகுளுக்கு வெகுகாலம் முந்தியது. 1988-ல் எக்ஸ்.500 என்ற சர்வதேசத் தரம் வந்தது. அது சாதாரண மேசைக் கணினிகளுக்குத் தாங்க முடியாத சுமையாக இருந்ததால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் அவருடைய சகாக்களும் அதன் எளிய வடிவமாக எல்டாப்பை உருவாக்கினார்கள். அதன் முதல் வரையறை 1993-ல் வெளியானது. எல்டாப்பில் ஒரு தேடல் என்றால் எந்தக் கிளையிலிருந்து, எவ்வளவு ஆழத்துக்கு, எந்த நிபந்தனையோடு, எந்தெந்தத் தகவலை என்று சொல்லியாக வேண்டும். மேகத்துக்குப் போன பிறகும் அந்த ஒழுங்கு பெரிதாக மாறவில்லை. பீப்பிள் ஏபிஐயிடம் கேட்பவர் தீர்மானிக்க வேண்டியவை: எந்த இடத்தில், எந்தப் புலங்களை, ஒரு தடவைக்கு எத்தனை, எப்போதிலிருந்து.

கடைசிக் கேள்வியில்தான் தானியங்கி வினவலின் தரமே இருக்கிறது. அதற்கு முன் மற்ற மூன்று.

எந்த இடத்தில்

கூகுள் தொடர்புகளை மூன்று தனி இடங்களில் வைத்திருக்கிறது. ஒன்று, ஒருவர் தாமே சேமித்த ‘என் தொடர்புகள்’. இரண்டு, ‘பிற தொடர்புகள்’: மெயில் அனுப்பியதால் தானாகச் சேர்ந்துகொண்டவர்கள். மூன்று, கூகுள் ஒர்க்ஸ்பேஸ் வாங்கியிருக்கும் நிறுவனங்களில் மட்டும் இருக்கும் டைரக்டரி. இதில் ஊழியர்களின் விவரங்களும், அட்மின் எல்லோருக்குமாகச் சேர்த்த பொதுத் தொடர்புகளும் இருக்கும்.

மூன்றுக்கும் மூன்று தனித்தனி அழைப்புகள். ஒன்றைக் கேட்டால் மற்றது வராது. “அவருக்கு நேற்றுதானே மெயில் போட்டேன், பட்டியலில் ஏன் காணோம்?” என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், அந்த ஆள் ‘பிற தொடர்புகள்’ பக்கம் உட்கார்ந்திருப்பதுதான். அந்தப் பக்கத்தில் பெயர், மெயில், போன் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது. அங்கேயே திருத்தவும் முடியாது. ‘என் தொடர்புகள்’ பக்கம் பிரதி எடுத்த பிறகே திருத்தலாம்.

டைரக்டரியைக் கேட்பதானால் அட்மின் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அட்மின் கன்சோலில் டைரக்டரியின் பகிர்வு அமைப்புகளுக்குள் ‘எக்ஸ்டர்னல் டைரக்டரி ஷேரிங்’ என்று ஒன்று இருக்கிறது. அது அடைபட்டிருந்தால் நிரல் எவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தாலும் பதில் வராது. நிரலில் பிழை தேடி ஒரு நாளைக் கழிப்பதற்கு முன் அட்மினிடம் இதைக் கேட்டுவிடுவது உத்தமம்.

எந்தப் புலங்களை

‘எல்லாவற்றையும் கொடு’ என்று பீப்பிள் ஏபிஐயிடம் பொத்தாம்பொதுவாகக் கேட்க முடியாது. ‘பர்சன் ஃபீல்ட்ஸ்’ என்ற இடத்தில் வேண்டிய புலங்களின் பெயரை வரிசையாக எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் பதிலுக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும். ‘பிற தொடர்புகள்’, டைரக்டரி இரண்டிலும் இதற்கு ‘ரீட் மாஸ்க்’ என்று பெயர்.

வியாபாரப் பட்டியலுக்கு ஐந்து புலங்கள் போதும்: பெயர், போன், மெயில், நிறுவனம், லேபிள். ஆறாவதாக ‘மெட்டாடேட்டா’வையும் கட்டாயம் கேட்க வேண்டும். தொடர்பு கடைசியாக எப்போது மாறியது, நீக்கப்பட்டதா என்ற விவரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் வரும். இந்திய நேரம் செவ்வாய் அதிகாலை 2 மணிக்குத் திருத்திய தொடர்பில் திங்கள் இரவு 8.30 என்று இருக்கும். ‘நேற்று மாறியவை’ என்று அறிக்கை எடுப்பவர்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகே தேதியைப் பிரிக்க வேண்டும்.

லேபிள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘டீலர்’ என்ற லேபிள் உள்ளவர்களை மட்டும் கொடு என்று பட்டியல் அழைப்பில் கேட்க வழியில்லை. அதற்கு இரண்டு படி ஏற வேண்டும். முதலில் அந்த லேபிளின் உறுப்பினர் அடையாளங்களைக் கேட்டு வாங்க வேண்டும். எத்தனை உறுப்பினர் வேண்டும் என்ற எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் ஒருவர் கூட வரமாட்டார், ஏனென்றால் அதன் இயல்புநிலை சுழியம். பிறகு அந்த அடையாளங்களை அழைப்புக்கு 200 வீதம் கொடுத்து முழு விவரத்தை வாங்கலாம். லேபிள்கள் நிறைய இருந்தால், எல்லோரையும் ஒரேயடியாக வாங்கி ஷீட்டில் பிரித்துக்கொள்வது சுலபம்.

ஒரு தடவைக்கு எத்தனை

எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 100 தொடர்புகள் வரும். அதிகபட்சம் 1000. நாலாயிரம் தொடர்பு உள்ள கணக்கில் முதல் வகைக்கு 40 அழைப்பு. இரண்டாவது வகைக்கு நான்கே. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ‘நெக்ஸ்ட் பேஜ் டோக்கன்’ என்ற எழுத்துச் சரம் வரும். அடுத்த அழைப்பில் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அடுத்த பக்கம் கிடைக்கும். டோக்கன் வராத பக்கம்தான் கடைசிப் பக்கம். வந்த பதிவுகள் நூறு தாண்டாமல் நிற்கின்றன என்றால், நிரல் எழுதியவர் இந்தச் சுற்றை விட்டுவிட்டார் என்று அர்த்தம். சோதனைக் கணக்கில் பத்துப் பேரை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை தெரியவே தெரியாது.

இங்கே ஒரு விதி: பக்கம் மாறும்போது மற்ற அமைப்புகள் எதையும் மாற்றக் கூடாது. முதல் அழைப்பில் கேட்ட புலங்களையே கடைசிப் பக்கம் வரை கேட்க வேண்டும்.

எப்போதிலிருந்து

நாலாயிரம் பதிவையும் மணிக்கு ஒரு தடவை முழுதாக இறக்கினால் என்ன என்று தோன்றும். கூகுள் அதை விரும்புவதில்லை. முழுப் பட்டியல் கேட்கும் அழைப்பின் முதல் பக்கத்துக்கு மட்டும் தனியாக ஓர் ஒதுக்கீடு வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் 429 என்ற எண்ணோடு மறுப்பு வரும். பணம் கட்டியும் அதைக் கூட்ட முடியாது. அதற்குப் பதிலாகக் கூகுள் தரும் வழி ‘சிங்க் டோக்கன்’.

முதல் தடவை முழுப் பட்டியலைக் கேட்கும்போதே ‘சிங்க் டோக்கனும் வேண்டும்’ என்று சொல்லிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தோடு அது வந்து சேரும். படித்த இடத்தில் புத்தகத்துக்குள் செருகும் அடையாளச் சீட்டைப் போல இதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த தடவை இதையே கொடுத்துக் கேட்டால், அதற்குப் பின் சேர்ந்தவை, மாறியவை, நீக்கப்பட்டவை மட்டும் வரும். நாலாயிரத்தில் அன்று மூன்று பேர் மாறியிருந்தால் மூன்றே பதிவுதான். நீக்கப்பட்டவரின் பதிவில் ‘டெலிட்டட்’ என்ற குறி இருக்கும். சிஎஸ்வி தராத செய்தி இது.

டோக்கனை ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் ‘ஸ்கிரிப்ட் ப்ராபர்ட்டீஸ்’ பகுதியில் சேமிக்கலாம். எந்த நேரத்தில் சேமிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பதில் வந்த உடனே புது டோக்கனைச் சேமித்துவிட்டு, அதற்குப் பிறகு ஷீட்டில் எழுதப்போய், நடுவில் நிரல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஓட்டத்தில் கூகுள் புது டோக்கனுக்குப் பின் நடந்ததை மட்டுமே சொல்லும். ஷீட்டில் எழுதப்படாமல் போன மாற்றங்கள் சத்தமில்லாமல் விட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால் எல்லாப் பக்கத்தையும் வாங்கி, ஷீட்டில் எழுதி முடித்து, கடைசி வரியாகத்தான் டோக்கனைச் சேமிக்க வேண்டும். அதே மாற்றம் இரண்டு தடவை எழுதப்பட்டால் நஷ்டமில்லை.

டோக்கனுக்கு ஆயுள் உண்டு. முழுப் பட்டியல் எடுத்த நாளிலிருந்து ஏழு நாள். அதற்குப் பின் கேட்டால் ‘காலாவதியான சிங்க் டோக்கன்’ என்று பிழை வரும். அப்போது டோக்கன் இல்லாமல் முழுப் பட்டியலை மறுபடி எடுக்க வேண்டும். பிழை வரட்டும் என்று காத்திராமல், ஞாயிறு இரவு ஒரு முழு ஓட்டம், மற்ற நாட்களில் மாறியவை மட்டும் என்று அட்டவணை போடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். முழு ஓட்டத்தில் இன்னொரு லாபம்: வாரம் முழுக்க எங்காவது ஒரு பதிவு தவறியிருந்தால் அதுவும் நேராகிவிடும்.

உடனடித் தகவல் எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் இப்போது திருத்திய நம்பர் சிங்க் அழைப்பில் தெரிய சில நிமிடங்கள் ஆகலாம். எழுதிய மறு நொடி படித்துப் பார்க்க இந்த வழி உதவாது என்று கூகுளே சொல்கிறது.

ஆட்களின் அடையாளம்

ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் முதல் பத்தியாக வர வேண்டியது பெயரல்ல, ‘ரிசோர்ஸ் நேம்’ என்ற அடையாளம். அதை வைத்துத்தான் எந்த வரியைத் திருத்துவது என்று நிரல் கண்டுபிடிக்கும். கையால் எழுதும் குறிப்புகளை வேறொரு தாளில், இதே அடையாளத்துக்கு எதிரே வைத்தால் புது விவரம் வந்து பழைய குறிப்பை அழிக்காது.

இந்த அடையாளமும் மாறக்கூடியதே. ஒரு தொடர்பில் மெயிலையோ போனையோ சேர்க்கும்போது, அது அந்த ஆளின் கூகுள் புரொஃபைலோடு இணைந்துகொண்டால் புது அடையாளம் வரலாம். அப்படி வரும்போது பழையவை ‘ப்ரீவியஸ் ரிசோர்ஸ் நேம்ஸ்’ என்ற பகுதியில் சேர்ந்து வரும். அதைப் பார்க்காத நிரல் ஒரே ஆளுக்கு இரண்டு வரி போட்டுவிடும்.

பெயர்களுக்கு வந்தால், கூகுளின் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவுக்குள் தமிழ்ப் பெயர்கள் அடங்குவதில்லை. எஸ். முருகன் என்பவரை ஒருவர் ‘எஸ்’ முதல் பெயர், ‘முருகன்’ கடைசிப் பெயர் என்று சேமிப்பார். இன்னொருவர் ‘முருகன் எஸ்’ என்று போடுவார். மூன்றாமவர் ‘முருகன் ஹார்டுவேர்ஸ்’ என்று மொத்தத்தையும் முதல் பெயரில் எழுதுவார். கடைசிப் பெயரை வைத்து அகர வரிசை கேட்டால் எங்கெங்கோ சிதறும். முழுப் பெயராக வரும் ‘டிஸ்ப்ளே நேம்’ புலத்தை எடுத்து, இனிஷியலை ஷீட்டில் தனியாகப் பிரித்துவிட்டு வரிசைப்படுத்தினால் ஒழுங்காகும்.

தேடல் அழைப்பிலும் இதே கவனம் வேண்டும். அது சொல்லின் தொடக்கத்தை வைத்துத்தான் பொருத்தும். ‘முரு’ என்று தேடினால் எஸ். முருகன் கிடைப்பார், ‘ருகன்’ என்று தேடினால் கிடைக்கமாட்டார். ஆங்கிலத்தில் சேமித்த சண்முகம் இன்னும் சிரமம். எஸ் எழுத்தோடு எச் சேர்த்து எழுதியவரும் சேர்க்காமல் எழுதியவரும் ஒரே தேடலில் அகப்படமாட்டார்கள். தேடலில் ஒரு தடவைக்கு 30 பேருக்கு மேல் வராது. சொல்லாவிட்டால் பத்துப் பேர்தான். தேடலுக்கு முன் வெற்றுச் சொல்லோடு ஓர் அழைப்பை அனுப்பி, சில விநாடி பொறுத்துக் கேட்டால்தான் புதிதாகச் சேர்த்தவர்களும் வருவார்கள். ஆக, தேடல் என்பது ஒரு ஆளைக் கண்டுபிடிக்க. பட்டியல் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

போன் நம்பருக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பயனர் எப்படி எழுதினாரோ அப்படி ஒரு வடிவமும், ‘கனானிக்கல் ஃபார்ம்’ என்று ஒரு சீரான வடிவமும் வரும். இரண்டாவது, ஈ.164 என்ற சர்வதேச எண் முறைப்படி கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண் என்று இடைவெளி இல்லாமல் இருக்கும். 15 இலக்கத்தைத் தாண்டாது. சுழியம் போட்டு எழுதிய மொபைல், 044 போட்ட சென்னை லேண்ட்லைன், நடுவில் கோடு போட்ட நம்பர் எல்லாவற்றையும் ஒப்பிட இதுவே உதவும். ஒரே ஆள் இரண்டு பெயரில் இருக்கிறாரா என்று இந்தப் புலத்தை வைத்துப் பார்த்தால் இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் பிடிபடும். இந்தப் புலம் காலியாக வரும் வரிகளைத் தனியே திரட்டி, யாராவது உட்கார்ந்து +91 அல்லது +94 சேர்த்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

ஓட வைப்பது

கூகுள் ஷீட்டைத் திறந்து ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ பட்டியலில் ‘ஆப்ஸ் ஸ்கிரிப்ட்’டுக்குப் போக வேண்டும். இடப்பக்கம் ‘சர்வீசஸ்’ எதிரே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, பட்டியலில் பீப்பிள் ஏபிஐயைத் தேர்ந்து சேர்த்தால் அது நிரலுக்குள் வந்துவிடும். முதல் ஓட்டத்தில் கூகுள் அனுமதி கேட்கும். அந்தத் திரையில் ‘தொடர்புகளைப் பார்க்க, திருத்த, நிரந்தரமாக நீக்க’ என்று இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். படிக்க மட்டும் வந்த நிரலுக்கு நீக்கும் அதிகாரம் எதற்கு? புராஜெக்ட் அமைப்பில் மேனிஃபெஸ்ட் கோப்பைக் காட்டச் சொல்லி, அதில் ‘கான்டாக்ட்ஸ் ரீட்ஒன்லி’ அனுமதியை வெளிப்படையாக எழுதலாம். அப்படி ஒன்றை எழுதினால் மற்ற அனுமதிகளையும், அதாவது ஷீட்டில் எழுத, மெயில் அனுப்ப என்று தேவைப்படும் ஒவ்வொன்றையும், எழுதியாக வேண்டும். தேவையான அனுமதிகளை ஆப்ஸ் ஸ்கிரிப்ட் தானாகக் கண்டுபிடிக்கும் வழக்கம் அத்தோடு நின்றுவிடும்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் ஒரு ஓட்டம் ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நாலாயிரம் பதிவை வாங்குவதற்கு அதில் சிறு பங்கு போதும். நேரத்தைத் தின்பது ஷீட்டில் வரி வரியாக எழுதுவது. எல்லா வரியையும் நினைவகத்தில் சேர்த்து ஒரே வீச்சில் எழுதச் சொன்னால் இந்த வரம்பு கண்ணுக்கே தெரியாது.

நேரம் குறிக்க, இடப்பக்கம் கடிகாரப் படமுள்ள ‘டிரிகர்ஸ்’ பகுதி. தினமும் அதிகாலை 5 முதல் 6 என்று தேர்ந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் கூகுள் தானே ஒரு நேரத்தைத் தேர்ந்து, தினமும் ஏறத்தாழ அதே நேரத்தில் ஓட்டும். சரியாக ஐந்து மணிக்கு ஓடும் என்று எதிர்பார்த்து அடுத்த வேலையை ஐந்தே காலுக்கு வைக்கக் கூடாது. புராஜெக்ட்டின் நேர மண்டலம் கொல்கத்தா அல்லது கொழும்பு என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அதே திரையில் பிழை அறிவிப்பு எப்போது வர வேண்டும் என்று கேட்கும். ‘உடனே’ என்று கொடுப்பது நல்லது.

தவறும்போது

429 வந்தால் உடனே மறுபடி கேட்பது நிலைமையைக் கெடுக்கும். ஒரு விநாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி ஐந்தாறு தடவை முயன்று, அதற்கும் மசியாவிட்டால் மெயில் அனுப்பிவிட்டு அடுத்த நாளுக்கு விட்டுவிட வேண்டும். டோக்கன் பழையதே இருப்பதால் மறுநாள் ஓட்டம் இரண்டு நாள் மாற்றத்தையும் சேர்த்தே கொண்டு வரும்.

நீக்கத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் வைக்க வேண்டும். நீக்கக் குறியோடு வந்தவரை ஷீட்டிலிருந்து உடனே அழிக்காமல், ‘நீக்கப்பட்டது’ என்று தேதியோடு குறித்து வைக்கலாம். கூகுள் கான்டாக்ட்ஸின் குப்பைத் தொட்டியில் நீக்கிய தொடர்பு 30 நாள் இருக்கும். ஷீட்டும் அதே 30 நாளைப் பின்பற்றினால் கைதவறி அழித்தவர் திரும்பி வரும்போது குறிப்புகளும் மிஞ்சும். ஒரே ஓட்டத்தில் வழக்கத்துக்கு மாறாக நிறைய பேர் நீக்கப்பட்டதாக வந்தால், யாரோ தப்பாக எதையோ அழுத்தியிருக்கிறார்கள். அப்போது எதையும் எழுதாமல் நின்று மெயில் அனுப்பும்படி ஒரு வரி சேர்ப்பது பெரிய விபத்தைத் தவிர்க்கும்.

ஷீட்டிலிருந்து கூகுளுக்குத் திருப்பி எழுதும் ஆசை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அதற்கு மூன்று விதிகள். எழுதும்போது, படித்த பதிவு எந்த நிலையில் இருந்தது என்று காட்டும் ‘ஈ-டேக்’ குறியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இடையில் வேறொருவர் திருத்தியிருந்தால் கூகுள் மறுத்துவிடும், புதிதாகப் படித்த பிறகே எழுதலாம். போன் புலத்தை மாற்றினால் அந்தப் புலம் முழுவதும் மாறும். மூன்று நம்பர் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் அனுப்பினால் மற்ற இரண்டும் போய்விடும். ஒரே கணக்கில் பல திருத்தங்களை ஒரே சமயத்தில் அனுப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் இருப்பவர்களுக்கு

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இதே வேலையை மைக்ரோசாஃப்ட் கிராஃப் செய்கிறது. 2023-ல் அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்ற பெயர் என்ட்ரா ஐடி ஆனது. கேட்கும் முறை மாறவில்லை. நிறுவனப் பொதுத் தொடர்புகள் பக்கத்துக்கு 100 வீதம் வரும். 999 வரை கேட்கலாம். சிங்க் டோக்கனின் வேலையை இங்கே ‘டெல்டா லிங்க்’ செய்கிறது, அதற்கும் ஆயுள் ஏழு நாள்தான். 429 வரும்போது எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதை ‘ரீட்ரை ஆஃப்டர்’ என்ற தலைப்பில் அதுவே சொல்லிவிடும். இந்தத் தொடர்புகளைக் கிராஃப் வழியாகப் படிக்கலாமே தவிர உருவாக்க முடியாது. அதற்கு எக்ஸ்சேஞ்ச் அட்மின் பக்கம் போக வேண்டும்.

இங்கே அடிக்கடி காலை வாருவது, கிராஃபிடம் கேட்பதற்காகப் பதிவு செய்யும் செயலியின் ரகசியச் சாவி. அட்மின் தளத்தில் உருவாக்கும் சாவிக்கு அதிகபட்சம் 24 மாதம் ஆயுள். அமைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு ஒரு நாள் எல்லாம் நிற்கும். உருவாக்கும் அன்றே, காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக அலுவலகப் பொது காலண்டரில் நினைவூட்டல் வைக்க வேண்டும்.

யாருடைய தகவல்

வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தொடர்புகள் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. கடை, நிறுவனம், அறக்கட்டளை வைத்திருக்கும் பட்டியல் வரும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் ₹250 கோடி வரை போகலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம், சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இதே விஷயத்தைப் பேசுகின்றன. கைவேலையில் இல்லாத ஓர் ஆபத்து தானியங்கி வேலையில் உண்டு: ஷீட்டை ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்’ என்று ஒரு தடவை பகிர்ந்துவிட்டால், அது தினமும் புதுப்பித்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். ஷீட்டின் பகிர்வு அமைப்பை மாதம் ஒரு தடவை பார்ப்பது இந்த வேலையின் பகுதியே.

எந்தக் கணக்கில் அமைப்பது

முதல் இரண்டு வாரம் பழைய திங்கட்கிழமை சிஎஸ்வியையும் நிறுத்தாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் கைவேலையை நிறுத்தலாம். எல்லாம் அமைத்து முடித்த பிறகு கடைசியாக ஒன்றைச் சரிபாருங்கள்: டிரிகர், அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடும். அவர் சொந்த ஜிமெயிலில் அமைத்திருந்தால் அவருடைய தொடர்புகளைத்தான் அது படித்துக்கொண்டிருக்கும். ஊழியரின் அலுவலகக் கணக்கில் அமைத்திருந்தால், அவர் வேலையை விட்டுக் கணக்கு முடக்கப்படும் நாளில் டிரிகரும் நின்றுவிடும். ஆகவே தொடர்புகளைச் சேமிப்பது, ஷீட், நிரல், டிரிகர் நான்கையும் நிறுவனத்தின் பொதுக் கணக்கு ஒன்றில் அமையுங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் குறைந்தது இரண்டு பேர் கையில் இருக்கட்டும்.